முப்பத்தொன்பதாம் வீட்டு அடுப்பு

உங்க ஸ்டேஷனுக்கு எதிர்ல டீக்கடை வச்சிருக்கறவர், அடுப்போட வாயை மேற்கே பார்த்து வச்சிருக்காரு சார். இது ஆடி மாசம். மேல்காத்து நேரா அந்த வாயில பூந்து புகையைக் கடைக்குள்ள தள்ளுது. பெஞ்சில உக்காந்திருக்கற நாலு பேரும் கண்ணைத் துடைச்சிக்கினே டீ குடிக்கறாங்க. செங்கல்லைப் பிரிச்சு வடக்கே திருப்பி வச்சா அரை மணி நேர வேலை. வரும்போதே சொல்லலாம்னு பார்த்தேன், கூட வந்த கான்ஸ்டபிள் நிக்க விடலை. நீங்க மறக்காம சொல்லிடுங்க.

எழுதறவர் பேரு ராஜாராமா? மெதுவாவே சொல்றேன் தம்பி. பதினெட்டு வருஷமா பாரம் நிரப்பினவ நான், எழுதறவங்க கஷ்டம் எனக்குத் தெரியும்.

பேரு ஜெயம்மாள். வயசு நாற்பத்தேழு. உத்திரமேரூர் யூனியன்ல கிராம சேவிகா. கல்யாணம் ஆகலை. அங்க அடையாளம்னு ஒரு கட்டம் இருக்கும், அதில வலது கை மோதிர விரல் பாதிதான்னு போட்டுக்குங்க. ஒன்பது வயசில கரும்பு ஆலையில மாட்டிக்கிச்சு. பேனா பிடிக்க, மண் பிசைய, எதுக்கும் அது எனக்குத் தடையா இருந்ததில்லை.

மேசை மேல பேப்பரைப் போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அது என்னன்னும் தெரியும். சுட்ட மண்கட்டி. வெளியில வேப்பமரத்தடியில சடையப்பன் உக்காந்திருந்தார், நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார். ரெண்டரை வருஷத்துக்கு முன்னால, கார்த்திகையில, அரசம்பட்டு கிராமத்தில அவர் மக கனகாவும் அவளோட பதினோரு நாள் குழந்தையும் ஒரே மத்தியானத்தில செத்துப்போனாங்க. அதைத்தான் கேக்கறீங்க. சொல்றேன். ஆனா அடுப்பில இருந்து ஆரம்பிச்சாத்தான் உங்களுக்குப் புரியும்.

நம்ம பக்கத்து வூடுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரே அறை, கூரை தாழ்வு, ஜன்னல் கிடையாது. மூலையில மூணு கல்லு. பொம்பளைங்க அதுக்கு எதிர்ல உக்காந்து முப்பது வருஷம் ஊதறாங்க. நாற்பது வயசில கண்ணு போவுது, இருமல் நிக்காது. மடியில கிடக்கற குழந்தைக்கு மார்ச்சளி. "பொக இல்லாத சோறு ஏது சேவிகாம்மா"ன்னு சிரிப்பாங்க. எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டா பத்திக்கினு வரும். எங்கம்மாவும் அப்படித்தான் சிரிச்சா, இருமியே செத்தா. அதனால எண்பத்திரண்டில சென்னையில இருந்து ஒரு நிறுவனத்துக்காரங்க வந்து, புகையில்லா அடுப்பு போடப் பயிற்சி குடுக்கறோம், ஆராய்ச்சியும் பண்றோம், நம்ம யூனியன்ல யாராவது வரீங்களான்னு கேட்டப்போ, கையைத் தூக்கினது நான் ஒருத்திதான்.

நாற்பது நாள் பயிற்சி. களிமண், உமி, சாணி எவ்வளவு சேர்க்கணும், முதல் கண்ணுக்கும் ரெண்டாம் கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு சந்து விடணும், சிமெண்ட் குழாயைக் கூரையில எப்படி ஏத்தணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. முதல் பரிசு எனக்குத்தான். போட்டோ வீட்டில மாட்டியிருக்கேன், உங்க ஆளுங்க பார்த்திருப்பாங்க.

ஆராய்ச்சின்னா இப்படி. அரசம்பட்டில அம்பது வூடு எடுத்தோம். ஒண்ணாம் நம்பர்ல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் அடுப்பு போட்டுக் குடுத்தேன். இருபத்தாறில இருந்து அம்பது வரைக்கும் போடலை. ரெண்டு வருஷம் ரெண்டு பக்கமும் வாரா வாரம் போய், யார் இருமறா, யாருக்குக் கண் எரியுது, எந்தக் குழந்தைக்குச் சளின்னு எழுதணும். கடைசியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அரசாங்கத்துக்குக் காட்டினா, தமிழ்நாடு பூரா எல்லா யூனியனுக்கும் அடுப்பு குடுக்கச் சொல்லி உத்தரவு வரும். அதுக்கு அடுப்பு இல்லாத வூடு அடுப்பு இல்லாமலேதான் இருக்கணும். நிறுவனத்து டைரக்டர் பத்து தடவை சொன்னார்.

வூடு விட்டுப் போறவங்களும் இருப்பாங்க இல்லையா, அதுக்கும் வழி வச்சிருந்தாங்க. அஞ்சு வூடு உபரியா எழுதி வச்சிருந்தோம். ஏழாம் நம்பர் குடும்பம் ராஜகுளத்துக்குக் குடி போயிட்டாங்க. முப்பத்தொண்ணாம் நம்பர் கூரை எரிஞ்சு போச்சு. நீக்கப் பாரத்தில காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, உபரியில இருந்து ஒரு வூட்டைச் சேர்த்துக்கிட்டோம். ஒரு பிரச்சினையும் இல்லை.

முப்பத்தொன்பதாம் நம்பர் வரதன் வூடு. வரதன் ஏரியில சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடறவன். அவன் அம்மா தாயாரம்மாள். பொண்டாட்டி கனகா. ஆராய்ச்சி தொடங்கறதுக்கு அஞ்சு மாசம் முன்னால அவங்களுக்கு ஒரு குழந்தை செத்திருந்துது. எட்டு மாசக் குழந்தை, மார்ச்சளி. தொடங்கறதுக்கு முன்னால நடந்ததால அதைப் பாரத்தில சேர்க்க முடியலை.

கனகா மறுபடியும் உண்டானா. மூணாம் மாசத்தில என்னைத் தேடிக்கினு வந்தா. நான் இருபத்திரண்டாம் நம்பர் வூட்டில குழாய் ஏத்திக்கினு இருந்தேன். வாசல்ல நின்னுக்கினு, "சேவிகாம்மா, எனக்கும் ஒரு அடுப்பு போட்டுக் குடு. மண்ணு நானே மெரிச்சுத் தரேன்"னா.

"உங்க வூடு அந்த லிஸ்டில இல்லைம்மா. ரெண்டு வருஷம் முடியட்டும், உனக்குத்தான் முதல் அடுப்பு."

"ரெண்டு வருசத்துல எம்புள்ள பொறந்து பொகையில கெடந்து போயே பூடும். ஒண்ணு போச்சே, அத்தப் பாத்த இல்ல நீ?"

"பார்த்தேன். அதனாலதான் இந்த வேலை செய்யறேன்."

"இன்னா வேல இது? எனக்கு இல்லாத அடுப்பு எனக்காவன்றியே."

சரியாப் படிச்சிருந்தா கெட்டிக்காரியா வந்திருப்பா. அழலை, கெஞ்சலை. அடுப்பு போட்ட வூட்டுக்காரிங்களுக்கு நான் பயிற்சி வகுப்பு நடத்தறப்போ லிஸ்டில இல்லாத பொம்பளைங்களை உள்ள விடக்கூடாது. இவ வந்து பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியில நின்னா. வயித்தைச் சுவத்துல சாச்சுக்கினு மூணு நாளும் நின்னா. போகச் சொல்லியிருக்கணும். எனக்கு மனசு வரலை. என்னைக் கல்மனசுக்காரின்னு சொல்றவங்களுக்கு இதையும் சொல்லுங்க.

மூணாம் நாள் பாடம் கரி நெருப்பு. அதுக்கு ஒரு படம் நானே வரைஞ்சு வச்சிருந்தேன். சாத்தின கதவு, ஒரு சட்டி நிறைய கரி நெருப்பு, பாயில தாயும் குழந்தையும். விறகு புகைஞ்சா கண்ணெரியும், எழுந்து ஓடிடுவோம், கரி நெருப்பு புகையாது, மணக்காது, காத்து போக வழியில்லாத வூட்டில அது ஆளைத் தூக்கத்திலயே கொண்டுபோயிடும், புகை இல்லைன்னா விஷம் இல்லைன்னு நினைக்காதீங்க. நல்லா நடத்துவேன் சார் அந்தப் பாடத்தை. கேக்கறவங்க உடம்பு சிலிர்த்துக்கும்.

புரட்டாசியில கனகா தானே ஒரு அடுப்பு போட்டுக்கிட்டா.

சொல்லக் கேட்டுப் பார்க்கப் போனேன். என் மாதிரி அடுப்பு இல்லை அது. சடையப்பன் தென்னேரி பக்கம் செங்கல் சூளை போடறவர். அவர்கிட்ட இருந்து சூளைச் செங்கல் கொண்டாந்திருக்கா. சிமெண்ட் குழாய்க்கு எங்க போவா? அடி உடைச்ச மண் கலயங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, சந்தை மண்ணால பூசி, அதையே குழாயாக்கிட்டா. அதுவும் கூரைக்குள்ள போகலை. தரையோட தரையா பின்சுவத்துல ஓட்டை போட்டு வெளியில போய், அங்கிருந்து சுவரோரமா நேரா மேல ஏறி, கூரை உச்சியைத் தாண்டி ரெண்டு முழம் நிக்குது. வெளியில அடியில ஒரு செங்கல்லைப் பூசாம விட்டிருக்கா, அதை உருவினா கரியைச் சுரண்டிக்கலாம்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லணும்? நைனா சூள போட்றத பாத்துக்கினே வளந்தவ நானு. பொக மேல போவுணும்னா அத்த மொதல்ல கீழ எறக்கி இஸ்துக்கினு போவணும். தொண்ட சின்னதா இருக்கணும், கொயா ஒசரமா இருக்கணும். நீ போட்ற அடுப்புல தொண்ட பெருசு சேவிகாம்மா. அதான் ரெண்டாங் கண்ணுல பொக வருது."

சிரிச்சுக்கினேதான் சொன்னா. தப்பா ஒண்ணும் சொல்லலை. என் அடுப்புல ரெண்டாம் கண்ணுல கொஞ்சம் புகை வரும், உண்மைதான். புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகினா சரியாப் போயிடும்னு பொம்பளைங்களுக்குச் சொல்லி வச்சிருந்தேன்.

"இதை இடிச்சிடு கனகா. ஆராய்ச்சி கெட்டுப்போயிடும். பத்தாயிரம் வூட்டுக்கு வர வேண்டிய அடுப்பு இந்த ஒண்ணால நின்னு போயிடும்"னு சொன்னேன்.

"பத்தாயிரம் வூட்டுக்கும் இந்த மாதிரியே போட்டுக் குடேன்"னா.

அடுத்த வாரம் பன்னிரண்டாம் நம்பர் செங்கேணி என்னை மடக்கினா. நான் முதல் முதல்ல அடுப்பு போட்டுக் குடுத்த வூடுங்களில அது ஒண்ணு. "சேவிகாம்மா, கனகா வூட்டு அடுப்ப பாத்தேன். ஊதவே வாணாம், கபகபன்னு எரியுது, பொகையே காணோம். எனுக்கு இத்த ஒடச்சுட்டு அத்த மாதிரி போட்டுக் குடு, ஒனக்குப் புண்ணியமாப் பூடும்." இன்னும் நாலு பேர் கேட்டாங்க. யோசிச்சுப் பாருங்க சார். அடுப்பு இருக்கற வூட்டுக்காரி தன்னோடதை இடிக்கப் பார்க்கறா, அடுப்பு இருக்கக் கூடாத வூட்டில புகையே இல்லை. ரெண்டு வருஷ உழைப்பு எதுக்கு ஆகும்? எனக்குச் சோறு இறங்கலை. ஆராய்ச்சியை நினைச்சுத்தான்.

ஐப்பசி கடைசியில பிள்ளை பிறந்துது. பெண் குழந்தை, நல்ல எடை. கனகாவுக்குத் தாய் இல்லாததால பிரசவம் இங்கயே, தாயாரம்மாள்தான் எல்லாம் பார்த்தாங்க. போய்ப் பார்த்தேன், சர்க்கரை தொட்டு வச்சேன். அடைமழை பிடிச்சிக்கிச்சு. பச்சை உடம்புக்காரி வூட்டில என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். காலையில தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் ஊத்தி, சாம்பிராணி காட்டி, குளிர்காத்து படக்கூடாதுன்னு கதவைச் சாத்திக் கூரைச் சந்துல எல்லாம் கோணியை அடைச்சு, உள்ள நெருப்பு போட்டுத் தூங்க வைப்பாங்க. வரதன் வூட்டில கரிக்குப் பஞ்சமில்லை. சட்டியில போடாம, கனகா அதை அந்த அடுப்பில போட்டா. அவ ஜன்னலுக்கு வெளியில நின்னு என் பாடத்தைக் கேட்டவ. கரி நெருப்பைச் சட்டியில வச்சாத்தான் விஷம், தன் அடுப்பு கெட்ட காத்தை வெளியில இழுத்துக்கும்னு எனக்கே விளக்கினா. சரியாத்தான் சொன்னா. அந்த வூடு எந்த ஆபத்தும் இல்லாத வூடு, அந்தக் குழாய் திறந்திருக்கற வரைக்கும்.

அந்த வாரம் டைரக்டர்கிட்ட இருந்து கடுதாசி வந்துது. திங்கட்கிழமை புகை அளக்கற மெஷினோட வரார். அம்பது வூட்டிலயும் அடுப்பு பக்கத்தில மெஷினை வச்சு அளப்பாங்க, எழுதிக்குவாங்க.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மழை விட்டிருந்துது. நான் முப்பத்தெட்டாம் நம்பர் வூட்டுக்குப் போய்க்கினு இருந்தேன். பிசைஞ்ச மண்ணு ஒரு கூடையில எப்பவும் என்கிட்ட இருக்கும், வெடிச்ச அடுப்பைப் பூச. என் கையில சேறு இருந்தா ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க. தாயாரம்மாள் துணி மூட்டையோட ஏரிக்குப் போறதைப் பார்த்தேன். "குளிப்பாட்டித் தூங்க வெச்சுட்டு வரேன் சேவிகாம்மா, ரெண்டும் அசந்து தூங்குதுங்க"ன்னாங்க. வரதன் மூட்டத்தில.

நான் பின்பக்கமாப் போனேன்.

முதல்ல நினைச்சது, குழாயை அடைச்சா புகை உள்ள திரும்பும், அவ வெறுத்துப்போய் அடுப்பை விட்டுடுவான்னு. உங்க ஹெட் கான்ஸ்டபிள்கிட்ட நேத்து அப்படித்தான் சொன்னேன். அது முழுசா சரியில்லை, திருத்திக்குங்க. உள்ள விறகு எரியலை, கரிதான் கனிஞ்சுக்கினு இருக்குன்னு எனக்குத் தெரியும். கரியில புகை திரும்பாது. வேற என்ன திரும்பும்னு இந்த யூனியன்ல தெரிஞ்சவ நான் ஒருத்திதான். செங்கல்லை உருவினேன். சுவத்துல காதை வச்சேன். குழந்தை ஒரு தடவை தும்முச்சு. கனகா தூக்கத்திலயே "ம்ம், ம்ம்"னு தட்டிக் குடுத்தா. கூடையில இருந்து ரெண்டு கை மண்ணை எடுத்துக் குழாய்த் தொண்டைக்குள்ள வச்சு, சந்து இல்லாம உள்ளங்கையால அழுத்தி, விரலால ஓரம் இழுத்தேன். எதைப் பூசினாலும் ஓரம் இழுத்துத்தான் எனக்குப் பழக்கம். செங்கல்லை மறுபடி சொருகினேன்.

அப்புறம் முப்பத்தெட்டாம் நம்பர் போனேன். இருமல் ரெண்டு பேர், கண் எரிச்சல் ஒருத்தர். நாற்பது, நாற்பத்தொண்ணு. நாற்பத்திரண்டாம் நம்பர்ல கூழ் குடுத்தாங்க, குடிச்சேன்.

ஒரு மணி இருக்கும், தாயாரம்மாள் கத்தற சத்தம் கேட்டுது. ஓடினவங்கள்ல நான் மூணாவது. ரெண்டு பேரும் அப்படியே படுத்திருந்தாங்க. கன்னம் நல்லா சிவந்து, தூங்கற மாதிரியே. குழந்தை வாய் மார்கிட்ட இருந்துது. ஜன்னி கண்டுடுச்சுன்னு ஒருத்தர் சொன்னார். ஏரிக்கரை காத்து அடிச்சுடுச்சுன்னு ஒருத்தர். பச்சை உடம்புக்காரி செத்தா போலீஸ்ல யார் சொல்றாங்க? பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் முடிச்சுட்டாங்க. எல்லாரும் வாசல் பக்கம் இருந்தப்போ நான் பின்பக்கம் போய் அந்த மண்ணை நோண்டி எடுத்தேன். அடுப்புச் சூட்டில காஞ்சு ஒரே கட்டியா வந்துது. குப்பைக்குழியில போட்டேன். நொறுக்கிட்டுப் போட்டிருக்கணும்.

மறுநாள் சடையப்பன் வந்தார். சாவு விழுந்த வூட்டு அடுப்பு ஆகாது, இடிச்சிடுங்கன்னு நான்தான் ஊராருக்குச் சொல்லியிருந்தேன், அவர் வரும்போது வரதன் கடப்பாரையோட நின்னான். அவர் மகளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அடுப்பைச் சுத்திச் சுத்தி வந்தார். "எம்பொண்ணு போட்ட கொயா இஸ்துக்கினு போவாம நிக்காதுடா. எவனோ வாயக் கட்டிக்கீறான்"னு சொன்னார். கிழவனுக்குத் துக்கத்தில புத்தி கலங்கிடுச்சுன்னு எல்லாரும் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. குப்பைக்குழியை அவர் கிளறினது எனக்குத் தெரியாது. அந்தக் கட்டியைக் கொண்டுபோய் சூளையில வச்சுச் சுட்டு, கல்லாக்கி, ரெண்டரை வருஷம் பத்திரமா வச்சிருந்து, எந்தக் கைன்னு தேடியிருக்கார். கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தாரோ. போன மாசம் தென்னேரியில அடுப்பு முகாம் நடத்தினேன். கூட்டத்தோட கூட்டமா அவரும் உக்காந்திருந்தார். சுவத்துல நான் மண்ணைப் பூசிக் காட்டினேன், அழுத்தின கையை எடுத்தேன். எழுந்து வந்து அந்தத் தடத்தையே பார்த்துக்கினு நின்னார்.

பேப்பரை எடுக்க வேணாம் சார். மூணு விரலும் ஒரு பாதியும் இருக்கும். என் கையை அதில வச்சுப் பாருன்னு நீங்க சொல்லலை, அது உங்க மரியாதை. நானே ஒத்துக்கறேன்.

தாயாரம்மாளைப் பத்திக் கேட்டீங்க. கதவைச் சாத்தினதால ரெண்டு உசுரையும் தானே கொன்னுட்டோம்னு அவங்க நினைச்சிக்கினு இருக்காங்க. காரியம் முடிஞ்ச அன்னைக்கு என்கிட்ட வந்து, "நா சாத்துனதாலதான் பூட்ச்சா சேவிகாம்மா"ன்னு கேட்டாங்க. படத்தைக் காட்டி விளக்கினேன். கரி நெருப்பு வச்சுக் கதவைச் சாத்தறது தப்புன்னு சொன்னேன். அது பாடத்தில உள்ளதுதானே. அதில இருந்து அந்த வூட்டுக் கதவு மழையிலயும் பனியிலயும் திறந்தே கிடக்குது. ஒரு வகையில அவங்க ஆரோக்கியத்துக்கு நல்லதுதான்.

திங்கட்கிழமை டைரக்டர் வந்து எல்லா வூட்டிலயும் அளந்தார். முப்பத்தொன்பதில மூணு கல்லுதான் இருந்துது. அந்த வாரப் பாரத்தில நான் எழுதினது இதுதான்: முப்பத்தொன்பதாம் எண். அடுப்பு இல்லை. மரணம் இரண்டு. அடுப்பு போட்ட இருபத்தஞ்சு வூட்டில சாவே கிடையாது. ரிப்போர்ட் எழுதறப்போ டைரக்டர், ஜெயம்மாள், மத்த இருமல் கணக்கையெல்லாம் செக்ரடேரியட்டில புரட்டிக்கூடப் பார்க்கமாட்டாங்க, இந்த ஒரு வரியைப் பார்ப்பாங்கன்னார். அப்படியே ஆச்சு. எண்பத்தஞ்சு தையில உத்தரவு வந்துது. எல்லா யூனியனுக்கும் பயிற்சி, எல்லாப் பயிற்சிக்கும் என் அளவு. இதுவரைக்கும் நாலாயிரத்துச் சொச்சம் அடுப்பு. நாலாயிரம் வூடு சார். ஒரு வூட்டுக்கு அஞ்சு பேர்னு வச்சுக்கிட்டா இருபதாயிரம் பேர். அந்தப் பக்கம் ரெண்டு பேர். எனக்கு சந்தோஷமான கணக்குன்னு சொல்ல வரலை. ஆனா கணக்கு தப்புன்னு யாராவது சொல்லட்டும்.

அதனாலதான் மறைக்காம சொன்னேன். நாளைக்கு கோர்ட்டில இந்த ஒரு வூட்டை வச்சு ரிப்போர்ட்டே பொய்னு எவனாவது கிளம்பக்கூடாது. முப்பத்தொன்பதை மட்டும் தனியா எடுத்துட்டுப் பார்க்கச் சொல்லுங்க. மத்தது எல்லாம் சுத்தமான வேலை. உபரியில இன்னும் மூணு வூடு இருந்துது, அதில ஒண்ணைச் சேர்த்துக்கலாம்.

என்ன சார், ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

ஆமா. அப்பவே நீக்கியிருக்கலாம்தான். ஏழாம் நம்பரை நீக்கினோம், முப்பத்தொண்ணை நீக்கினோம், அதே மாதிரி இதையும் எடுத்துட்டு உபரியில ஒண்ணைப் போட்டிருந்தா ஆராய்ச்சிக்கு ஒரு குறையும் வந்திருக்காது. டைரக்டரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டார். நீங்க கேக்கறது நியாயம்தான்.

பாரத்தை எடுத்தேன் சார். புதன்கிழமை சாயந்திரம், அதுக்கு முந்தின நாள். வூட்டு எண் எழுதினேன், வரதன் பேர் எழுதினேன், தேதி போட்டேன். அதுக்குக் கீழ காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதில உள்ளதை உள்ளபடி எழுதணும். பயிற்சி இல்லாத பொம்பளை ஒருத்தி தானே கட்டிக்கிட்டா, அந்த அடுப்பில புகையே வரலைன்னு எழுதணும். எழுதிக் கீழ என் பேரைப் போட்டு டைரக்டருக்கு அனுப்பணும்.

அதை என் கையால எப்படி சார் எழுதறது?